குடும்பவழிக் குடல்நோயும் நமது கடமையும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

நமது சங்கம் தோன்றி 25 ஆண்டுகள் நிறைவுற்றுள்ளன. இரவுப் பாடசாலையும் புத்தக உதவியும் பெற்றுப் பயின்ற பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் இந்த அவையில் அமர்ந்திருப்பதைக் காணும்போது நம் உள்ளம் பூரிக்கிறது. கல்வியின் பெருமையைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நாம் ஒரு நோயைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். விழா நாளில் நோய்ப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கற்ற கல்வி நமது வீட்டு வாசலைத் தாண்டி அடுக்களைக்கும் படுக்கைக்கும் வந்து உயிர் காக்க வேண்டும். அப்போதுதான் அது முழுமை பெறும் என்பது நமது கருத்து. ஆகவே இந்தப் பொருளைத் தேர்ந்தோம்.

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வருவது. அதில் மிகச் சிறு பங்கு மட்டும் பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கு இறங்கி வரும் மரபணுக் குறையால் உண்டாகிறது. அத்தகைய நோய்களுள் ஒன்றை மருத்துவர்கள் ஃபெமிலியல் அடினோமேட்டஸ் பாலிபோசிஸ் என்றும், சுருக்கமாக எஃப்.ஏ.பி. என்றும் அழைக்கின்றனர். குடும்பவழிக் குடல்முளை நோய் என்று நாம் அதனைக் கூறிக்கொள்ளலாம். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. பெருங்குடல் புற்றுநோயாளர் 100 பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் ஒருவர்கூட இந்நோயால் வந்தவராக இருப்பது அரிது. ஆயினும் ஒரு குடும்பத்தில் இது புகுந்துவிட்டால் தலைமுறை தலைமுறையாக இளம் வயதினரைக் கொண்டுபோகும். அரிய நோய் என்பதாலேயே அது கண்டுகொள்ளப்படாமல் போகிறது.

இந்நோயின் போக்கு என்ன? இந்த மரபணுக் குறையோடு பிறந்த குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடியாடி வளரும். பத்துப் பதினைந்து வயதளவில் பெருங்குடலின் உட்சுவரில் சிறுசிறு சதை முளைகள் தோன்றத் தொடங்கும். இவற்றையே பாலிப் என்பர். சாதாரண மனிதருக்கும் ஒன்றிரண்டு பாலிப் இருக்கலாம். இந்நோய் உள்ளவர்க்கோ நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் அவை முளைத்து, நாற்றங்காலில் நெருங்கி எழும் பயிரைப் போலக் குடலின் உட்புறத்தை நிரப்பிவிடும். ஒவ்வொரு முளையும் புற்றாக மாறுவதில்லை. ஆனால் ஆயிரத்தில் ஒன்று மாறினாலும் போதுமன்றோ? சிகிச்சையின்றி விட்டுவிட்டால் ஏறத்தாழ அனைவருக்குமே புற்றுநோய் வந்துவிடுகிறது. அவ்வாறு வரும் சராசரி வயது 39 ஆகும். குடும்பத்தின் பாரத்தைத் தோளில் சுமக்கும் வயதிலேயே அது மனிதனைத் தாக்குகிறது.

இதன் காரணத்தை அறிவியல் இன்று தெளிவாகக் கண்டுள்ளது. நமது உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன என்பதை மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றுள் ஐந்தாவது குரோமோசோமில் ஏ.பி.சி. என்னும் மரபணு இருக்கிறது. குடலின் உட்சுவரில் உயிரணுக்கள் அளவு கடந்து பெருகிவிடாமல் தடுப்பது அதன் பணி. வண்டிக்குத் தடைக்கட்டை எப்படியோ, குடலுக்கு அந்த மரபணு அப்படி. இதனை 1991 ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் இனங்கண்டனர். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது. இந்நோய்க்கு ஒரு படி பழுதாக இருந்தாலே போதும். பழுதுள்ள பெற்றோர் ஒருவர் தம் இரண்டு படிகளுள் ஒன்றையே பிள்ளைக்குக் கொடுக்கிறார். அது பழுதான படியாக இருக்கும் வாய்ப்பு சரிபாதி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நான்கு பிள்ளைகள் இருந்தால் இருவருக்கு வந்தே தீரும் என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு பிறப்பின்போதும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. நால்வருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். ஆண் பெண் வேறுபாடு இதற்கில்லை. பழுதான படியைப் பெறாத பிள்ளை தன் மக்களுக்கு அதனைக் கொடுக்கவும் இயலாது. மேலும், இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இல்லாமல் புதிதாகவே அப்பழுது தோன்றுவதும் உண்டு. மருமகள் கொண்டுவந்த கேடு என்று ஒரு பெண்ணின் மேல் பழி சுமத்துவது அறிவுடைமையன்று, அறமுமன்று.

நாம் முன்பு பணியாற்றிய ஊரொன்றில் நடந்ததைச் சொல்லலாம். ஊரும் பெயரும் வேண்டா. நமது சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தந்தை 41 வயதில் வயிற்று நோயால் இறந்தார். அவருடைய தமக்கை அதற்கு முன்பே அவ்வாறே இறந்திருந்தார். பிறகு மூத்த மகன் 29 வயதில் மறைந்தான். குலசாபம் என்றது ஊர். இருந்த அரை ஏக்கர் நிலத்தை அடகு வைத்துப் பரிகாரம் செய்தார் தாயார். இளைய மகன் நமது பள்ளியில் பத்தாம் வகுப்பில் படித்தான். ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தான். உடற்கல்வி ஆசிரியர் தனியே அழைத்து விசாரித்தபோதுதான், ஓராண்டுக்கு மேலாக மலத்தோடு இரத்தம் போவதை அவன் வெட்கத்தாலும் அச்சத்தாலும் மறைத்து வந்தது தெரிந்தது. தந்தைக்கும் அண்ணனுக்கும் அப்படித்தான் தொடங்கியது என்பது அவனுக்குத் தெரியும். சொன்னால் தாய் தாங்கமாட்டாள் என்று பேசாதிருந்திருக்கிறான்.

ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தாயையும் மகனையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன், "உங்கள் வீட்டில் யார் யார், எந்த வயதில், எதனால் இறந்தார்கள்?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இரண்டு பேரை எரித்த அந்தத் தாயிடம் அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உள்நோக்கிச் சோதனையில் குடல் முழுதும் முளைகள் காணப்பட்டன. புற்று இன்னும் தோன்றவில்லை. அறுவை சிகிச்சை நடந்தது. அவனுடைய தங்கையர் இருவரையும் சோதித்தனர். ஒருத்திக்கு நோய் இருந்தது, மற்றவளுக்கு இல்லை. நோய் இருந்தவளுக்கும் உரிய காலத்தில் சிகிச்சை கிடைத்தது. அந்த இளைஞன் இன்று தன் அண்ணன் இறந்த வயதைக் கடந்து, அரசுப் பணியில் இருந்து, தன் தாயைக் காப்பாற்றி வருகிறான்.

இளைஞர்களே! இந்த நிகழ்ச்சி நமக்குக் காட்டுவது ஒன்று. ஒரு கேள்வியும் ஒரு தாளும் ஓர் உயிரைக் காத்தன. உலக மருத்துவ வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது.

1895 ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் தையல் வேலை செய்து பிழைத்த பெண்ணொருத்தி, ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் மருத்துவப் பேராசிரியரிடம் தன் அச்சத்தைச் சொன்னாள். தன் குடும்பத்தார் பலரும் குடற்புற்றாலோ கருப்பைப் புற்றாலோ இறந்ததால் தானும் இளமையிலேயே அவ்வாறு இறக்கக்கூடும் என்பதே அந்த அச்சம். அது அவ்வாறே நேர்ந்தது. வார்த்தின் அவள் சொன்னதை ஏழைப் பெண்ணின் பிதற்றல் என்று தள்ளிவிடாமல், அந்தக் குடும்பத்தின் வழிமுறையைத் திரட்டி 1913 ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய வேறு குடும்பங்களை ஆராய்ந்து 1966 ஆம் ஆண்டு எழுதினார். அவர் சிறுவயதில் பள்ளிப் படிப்பை விட்டுக் கடற்படையில் சேர்ந்து, குத்துச்சண்டை வீரராகவும் இருந்து, பிறகு கல்விக்குத் திரும்பியவர். இன்று அவர் பெயராலேயே லிஞ்ச் நோய்க்கூறு என்று வழங்கும் அந்நோய், நாம் முன்னர்ச் சொன்ன குடல்முளை நோயினின்று வேறானது. இதில் முளைகள் மிகுதியாக இரா. ஆனால் புற்று இளமையிலேயே வரும். அதைவிட இது பரவலானது. பெருங்குடல் புற்றுநோயாளர் 100 பேரில் ஏறத்தாழ மூவருக்கு இதுவே காரணம்.

குடல்முளை நோய்க்கென்று முதன்முதலாகக் குடும்பப் பதிவேடு வைத்தது லண்டன் மாநகரின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை. 1924 ஆம் ஆண்டு தொடங்கிய அப்பதிவேட்டைப் பல பத்தாண்டுகள் பேணி வளர்த்தவர் புஸ்ஸி என்பவர். அவர் இளம் வயதில் ஆய்வக உதவியாளராக அங்கே சேர்ந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். ஒவ்வொரு குடும்பத்தின் கிளையையும் பொறுமையாக எழுதி எழுதி, 1975 ஆம் ஆண்டு அந்நோய் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எல்டன் கார்ட்னர் என்னும் மரபியல் ஆசிரியரின் மாணவர் ஒருவர், தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பலர் குடற்புற்றால் இறந்ததை அவரிடம் சொன்னார். அதைத் தொடர்ந்து நடந்த ஆய்வு 1951 ஆம் ஆண்டு வெளிவந்தது. தையற்காரி, உதவியாளர், மாணவர் ஆகிய இவர்களிடமிருந்து இந்த அறிவு பிறந்திருக்கிறது என்பதை நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இந்த அரிய குடும்பங்களால் உலகம் பெற்ற நன்மையும் பெரிது. அவர்களிடம் கண்டறிந்த அதே ஏ.பி.சி. மரபணுதான், பரம்பரைத் தொடர்பில்லாத சாதாரணப் பெருங்குடல் புற்றுகளிலும் பெரும்பாலானவற்றில் பழுதுற்றிருக்கிறது என்பது பின்னர்த் தெரியவந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் தங்கை 1923 ஆம் ஆண்டு மலக்குடல் புற்றுநோயால் மறைந்தார். அது பரம்பரை வகையைச் சேர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தத் துயரத்தை மறவாத அம்மையாரின் அயராத முயற்சியால் 1954 ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று. வீட்டுக்குள் நேர்ந்த சாவை ஊருக்குப் பயன்படும் அறிவாக மாற்றலாம் என்பதற்கு அவர் வழிகாட்டியிருக்கிறார். மருத்துவம் நமது சமுதாயத்துக்கு அயலானதுமன்று. 1907 ஆம் ஆண்டு இதழ் தொடங்கி நமக்கு அறிவுக் கண் திறந்த அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவரே அல்லரோ?

இனி, பலர் மனத்தில் எழக்கூடிய ஐயம் ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கி வளர்ந்தவர்கள் நாம். இப்போது பிறப்பிலேயே நோய் வருகிறது என்று சொன்னால், பழைய விதிக் கொள்கையை வேறு வாசல் வழியாக உள்ளே விடுவதாகாதா? ஆகாது. சாதி மனிதர் வகுத்தது. ஒரு குழுவுக்குள்ளேயே மணஞ்செய்யும் கட்டுப்பாட்டால் அது நிலைநிறுத்தப்பட்டது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1916 ஆம் ஆண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் நிறுவினார். குடல்முளை நோய் எல்லா நாட்டிலும் எல்லாக் குலத்திலும் காணப்படுகிறது. அரண்மனையும் சேரியும் அதற்கு ஒன்றே. விதி என்று சொல்பவன் கைகட்டி நிற்கச் சொல்கிறான். மரபணு என்று சொல்லும் அறிவியலோ, இன்ன வயதில் சோதனை செய், இன்ன வயதில் அறுவை செய், நீ வாழலாம் என்று வழி சொல்கிறது.

அந்த வழியைச் சுருக்கமாகக் கூறுவோம். குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் உறுதியானால், அவருடைய இரத்தத்தைச் சோதித்து மரபணுப் பழுது எது என்று முதலில் காண முயல்வர். அது தெரிந்தால் உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் இரத்தச் சோதனை செய்துகொள்ளலாம். பழுது இல்லாதவர் அச்சம் நீங்கலாம். பழுது உள்ள பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது முதல் கோலனாஸ்கோப்பி எனப்படும் உள்நோக்கிச் சோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து செய்வர். முளைகள் பெருகியபின், பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ, பெருங்குடலை அகற்றுவர். குடலை எடுத்தால் வாழ்நாள் முழுவதும் வயிற்றில் பை கட்டிக்கொள்ள வேண்டுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். சிறுகுடலின் முனையையே பையாக மடித்து உள்ளே பொருத்தும் முறை செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் உருவாகி 1978 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இதனால் மிகப் பலர் இயல்பான வழியிலேயே மலம் கழித்து, வேலை செய்து, மணம்புரிந்து வாழ்கின்றனர். அதன் பின்னரும் இரைப்பையையும் முன்சிறுகுடலையும் அவ்வப்போது பார்த்துக்கொள்வது கட்டாயம்.

எந்த அறிகுறியைக் கண்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்? மலத்தில் இரத்தம் அல்லது சளி போதல், மலங்கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருத்தல், காரணம் புரியாத இரத்தசோகை, உடல் மெலிவு, ஓயாத வயிற்றுவலி ஆகியவை. இரத்தம் போவதற்குப் பெரும்பாலும் மூலமே காரணம் என்பது உண்மை. ஆனால் அது மூலம்தான் என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: பெண்கள் இதனை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். கூச்சம் உயிரைவிடப் பெரிதன்று.

எனினும் அறிகுறி வரும் வரை காத்திருப்பதில் ஆபத்து உண்டு. அறிகுறி வந்தபின் மருத்துவமனைக்கு வந்த நோயாளர்களில் பெரும்பகுதியினருக்குப் புற்று முன்பே தோன்றியிருந்தது என்பதையும், பதிவேட்டைப் பார்த்து அழைத்துச் சோதிக்கப்பட்ட உறவினர்களில் மிகச் சிலருக்கே அது இருந்தது என்பதையும் அயல்நாட்டுப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஆகவே குடும்ப வரலாறுதான் முதல் மருந்து.

இங்கேதான் நமது கடமை தொடங்குகிறது. நமது முன்னோரின் பெயர்கள் ஏடுகளில் எழுதப்படவில்லை. நிலப் பதிவிலும் அவர்கள் இல்லை. கோயில் கல்வெட்டிலும் இல்லை. தாத்தா எந்த வயதில் இறந்தார் என்று கேட்டால், "பெரிய மழை பெய்த ஆண்டு" என்பார்கள்; எதனால் என்றால், "வயிற்று நோய்" என்பார்கள். எழுதத் தெரியாத காலத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க இயலாது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதத் தெரிந்த பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒரு குறிப்பேட்டை எடுத்துத் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறையை எழுதட்டும். யார், என்ன நோய், எந்த வயதில் கண்டது, எந்த வயதில் மறைவு என்பவை போதும். பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்று, நெருங்கிய உறவினர் மூவருக்கு, இரண்டு தலைமுறைகளில், ஒருவருக்கேனும் 50 வயதுக்கு முன் வந்திருந்தால் ஐயமின்றி மருத்துவரை அணுக வேண்டும். 50 வயதுக்குட்பட்ட ஒருவருக்கு மட்டும் வந்திருந்தாலும் கேட்டுத் தெளிவது நன்று.

அந்த ஏடு அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். சங்கம் எழுதும் முறையைக் கற்றுத்தரட்டும்; பிறர் வீட்டு ஏட்டைத் திரட்டி வைக்க வேண்டா. பெண் கேட்டு வருவோர் காதில் விழுந்து ஒரு குடும்பம் ஒதுக்கப்படுமானால் மறுநாளே எல்லா வீடுகளும் வாயை மூடிக்கொள்ளும். ஒதுக்கப்படுவதன் வலி என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்நோய் தொற்றாது. இக்குடும்பத்தாரோடு உண்ணலாம், உறங்கலாம், உறவு கொள்ளலாம். மணமாக விரும்பும் இருவர் உண்மையைத் தமக்குள் பேசி, மரபியல் ஆலோசனை பெற்று முடிவு செய்வதே முறை. சொந்தத்தில் மணம் முடிப்பது பற்றியும் ஒரு சொல். 2002 ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்த மற்றொரு குடல்முளை நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால்தான் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று மணம் முடிக்கும் நம் வழக்கத்தில் அத்தகைய நோய்களின் வாய்ப்புக் கூடுகிறது.

பணத்துக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டா. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் நமது வரிப்பணத்தில் நடப்பவை. அங்கே செல்வது பிச்சை கேட்பதன்று; உரிமையைப் பெறுவது. படித்த இளைஞர்கள், மருத்துவமனை வாசலில் வழி தெரியாமல் நிற்கும் நம் முதியவர்க்கு உடன் சென்று சீட்டெழுதிக் கொடுத்து, குடும்ப வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கத்தின் பெயரால் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று எண்ணுவதோடு, எத்தனை பேர் தம் தந்தை இறந்த வயதைக் கடந்து வாழ்ந்தார்கள் என்றும் எண்ணும் நிலை வரட்டும்.

இன்றிரவே வீட்டுக்குச் சென்று பெரியவர்களிடம் அமர்ந்து கேளுங்கள், எழுதுங்கள்.